படி வைக்காத வீடு

"உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று, தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள் தமயந்தியிடம் பொன்னுரங்கம் சொல்லி ஒன்பது வருடமாகிறது. அவளுடைய புது வீட்டுத் தோட்டத்தில் நின்றபடியே பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். மகிழமரத்தடியில் நின்ற குழந்தை அவரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடியது. பின்னாலேயே போனார். புல் முடிந்து கல்தரை வந்தது, அங்கேயும் மகிழம்பூ உதிர்ந்து கிடந்தது. திடீரென்று தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. எதிரே சோபா. காலில் செருப்பு அப்படியே இருந்தது. திகைத்துத் திரும்பினார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மரமும், அதற்கப்பால் மலையும், மலைமேல் இறங்கும் மழையும் இருந்தன. கண்ணாடிக் கதவுகள் ஓரமாக மடிந்து நின்றன. குனிந்து, தான் நடந்து வந்த கல்தரையைப் பார்த்தார்.

"வாசப்படி எங்கம்மா?"

தமயந்தி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"வைக்கவே இல்லப்பா."