சூளைக்குப் போன தட்டுகள்

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. காலையில் மூடுபனி, படகு தீவை அடைந்தபோது காற்றே இல்லாத வெயில்.

பழைய நகரைச் சுற்றிலும் கல்மதில் நின்றது. அதன் தெருக்கள் குறுகியவை, செங்குத்தானவை. நானும் என் மனைவியும் வழிகாட்டியின் மஞ்சள் குடையைப் பின்தொடர்ந்து ஏறினோம். எங்கள் முழங்கால்கள் வரலாற்றுக்குப் பழக்கப்பட்டவை அல்ல.

இப்பயணத்துக்கு ஏற்பாடு செய்தவள் எங்கள் மகள். மழைக்காலம் முதல் என் மனைவி தன் தங்கை வீட்டில் வசிக்கிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. களைத்துவிட்டதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வழியனுப்ப வந்த மகள், படகுத்துறையில் என்னைத் தனியே இழுத்தாள்.

"அப்பா, மதில் சுவரையே ஆன்னு பாத்துட்டு நிக்காதீங்க. வீட்டுக்கு வான்னு வாயைத் திறந்து கேளுங்க. நீங்க கேட்டா அம்மா தட்டமாட்டாங்க."

அதை நானும் அறிவேன். என் சொல் எதையும் அவள் தட்டியதில்லை.

மதிய உணவுக்குப் புகையில் வாட்டிய மீன் வந்தது. தீவின் பெருமை அதுவே என்றார் வழிகாட்டி. பெருமையைவிட முள் அதிகம். கேட்டுவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அவள் உடனே என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளெடுக்கத் தொடங்கினாள்.

"பேசாம சாப்பிடுங்க. போன தடவை தொண்டையில மாட்டிக்கிட்டு ஊரையே கூட்டினீங்க."

எனக்கு எடுத்து முடித்தபோது அவளுடைய மீன் ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே உண்டாள்.

நான் கேட்கவில்லை.

பிறகு மண்பாண்டப் பட்டறை. வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டில் வண்ணம் தீட்டலாம். நான் படகு வரைந்தேன். அது கத்தரிக்காயாக முடிந்தது.

அவள் தன் தட்டின் விளிம்பைச் சுற்றி நீலக் கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

தண்ணீர் வேண்டும் என்றேன். அவள் காதில் விழவில்லை.

மறுமுறை சொல்ல மனம் வரவில்லை. எழுந்து சென்று நானே எடுத்துக் குடித்தேன்.

பட்டறைக்கார அம்மாள் தட்டுகளை வாங்கிக்கொண்டார். சூளையில் சுட்டு ஆறவைக்க ஒரு வாரம் ஆகுமாம்; அதன்பின் தபாலில் வந்துசேரும்.

"ஒரே வீடுதானே? ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சு அனுப்பிடறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டியபடி, நான் கேட்கப்போவதை அறிந்தவளாய், சரி என்று சொல்லவும் தயாராய் நின்றாள்.

"ரெண்டு பெட்டியா அனுப்புங்க" என்றேன். "இவங்களோடது இவங்க தங்கச்சி வீட்டுக்கு."

அவள் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரு கால்களையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.

அப்போது மணி நான்கு நாற்பது.