பேர் இருந்த இடம்

மலேசியாவின் செமோர் ஊர்ப் பட்டறையில் மாலை வெயில் சரிந்து விழ, பத்துமலை என்ற தன் புருசன் காய்கறி விற்ற வேனின் அலுமினியத் தகட்டை மங்களம் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் செத்ததும் வேனை விற்றுவிடச் சொன்னான் கொழுந்தன். இவள் தானே ஓட்டி விற்க லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். சோப்புத் தண்ணீர் கறுப்பாக வழிகிறது. பெயரை எழுதியிருந்த பழைய சிவப்புப் பெயிண்ட் போய்விட்டாலும், அது மூடியிருந்த இடத்தில் மட்டும் தகடு மங்காமல், புருசன் பெயர் பளிச்சென்று தெரிகிறது. "இன்னும் தேய்க்கணும்லா, அக்கா," என்கிறான் பெயர் எழுதும் சீனி, பிரஷ்ஷை உதறியபடி. "நான் தேய்க்கட்டுமா?" "வேணாம் தம்பி, நானே தேய்ச்சிடுறேன்." வளையல் இல்லாத கை சத்தமில்லாமல் போய் வருகிறது. ஒவ்வோர் எழுத்தாக மறைந்து, கடைசியில் தகடு முழுக்க ஒரே வெள்ளையாகிறது. சீனி தின்னரில் நனைத்த துணியால் பிசுக்குப் போகத் துடைத்துவிட்டு, "இனிமே கை வைக்காதீங்க, அக்கா. கை எண்ணெ பட்டா பெயிண்டு புடிக்காது," என்கிறான். பேர் இருந்த இடத்தைத் தடவப்போன அவள் விரல்கள் தகட்டைத் தொடாமல் அப்படியே நிற்கின்றன. "என்ன பேரு எழுத?" அவள் கையை மெல்ல இறக்கிக்கொள்கிறாள். "மங்களம்னு எழுது."