பூட்டின கையே தொறக்கணும்

"தையல் மிஷின் இனிமே பரண்லதான்! பேச்சு முடிஞ்சுது."

சொன்னது நம்ம ஏசி மெக்கானிக். மிஷின மேல ஏத்தி வெச்சுட்டு, முக்காலிய விட்டு எறங்கினாரு. ராக்கெட் விட்டவன் மாதிரி கைய வேற தட்டிக்கிட்டாரு.

"என்னங்க, நான் சொல்றத ஒரு நிமிஷம்..." சம்சாரம் வாயத் தொறந்தாங்க.

"என்னத்தக் கேக்கறது? எங்க அக்கா மூணு தடவ போன் பண்ணியிருக்கு. நீ எடுக்கல. அம்புட்டுத் திமிரு! நாள் பூரா டர்ரு டர்ருன்னு மிஷின கட்டிக்கிட்டு அழு!"

"அதுக்கில்லங்க..."

"அப்ப எங்கக்கா பொய் சொல்லுதா?"

"யூனிபார்ம் ஆர்டர் திங்கக்கெழம குடுக்கணுங்க. விட்டுட்டா அந்த ஸ்கூலு அப்புறம் நம்ம வாசப்படிய மிதிக்காது."

"மிதிக்க வேணாம்!"

சம்சாரம் போன எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. பாத்திரம் உருளுற சத்தம்கூட இல்ல. பொண்டாட்டி கோவத்துல சமையக்கட்டுல சத்தமே வரலன்னா புருஷங்காரன் பயப்படணும். நம்மாளுக்கு அந்த வெவரமெல்லாம் ஏது? ஹெட்போன மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டாரு.

ஞாயித்துக்கெழம மத்தியானம்னா அவரு மெக்கானிக் இல்ல. நடுவர்!

'சொர்க்கபுரி'ன்னு ஒரு ஊரு. நெசத்துல இல்ல, ஆன்லைன் கேம்ல. ஆளாளுக்கு ஒரு வேஷம். ஒருத்தன் போலீசு, ஒருத்தன் டாக்டரு, ஒருத்தன் திருடன். வேஷம் கட்டிட்டா அந்த வேஷமாத்தான் பேசணும், நடக்கணும். சண்ட வந்தா நம்மாளு பஞ்சாயத்து பண்ணணும். சண்ட வராத நாளுதான் எது?

"நடுவரே, டாக்டரு ஆபரேஷன் பாதியில என் பர்ச அடிச்சுட்டாரு!"

"நடுவரே, டாக்சிக்காரன் வண்டிய மொட்ட மாடியில ஏத்திட்டான்!"

"நடுவரே, நான் சுட்டேன், இவன் செத்துட்டான். ஆனா பேசிக்கிட்டே இருக்கான்!"

"டேய் செத்தவனே, செத்தா மரியாதையா வாய மூடிக்கிட்டு கெட!"

"முதுகு அரிக்குது நடுவரே, சொறிஞ்சுக்கலாமா?"

நம்மாளு தலையில அடிச்சுக்கிட்டாரு. "வாரம் பூரா ஏசிய கழட்டி மாட்டறேன், ஒரு தலவலி கெடையாது. உங்களக் கட்டி மேய்க்கறதுக்குள்ள... ச்சீ! அடுத்தது யாரு?"

ஸ்கிரீன்ல எழுத்து வந்துச்சு. சைக்கிள் கடை வெச்சிருக்கற ஆளு. கேம்ல பேரு 'நட்டு'.

'மைக் இல்லீங்க, டைப் பண்றேன். போலீஸ்காரர் என் கடைய பூட்டிட்டாரு.'

ஊரே கப்சிப்னு ஆயிடுச்சு. ஏன்னா போலீஸ் வேஷம் கட்டியிருக்கற 'மீசை' யாரு? நடுவரு சம்சாரத்தோட கூடப்பொறந்த தம்பி. சொந்த மச்சான்!

"அவ்ளோதான். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல!" டாக்டரு குத்திக் காட்டினாரு.

"நீ பர்சக் குடுத்துட்டுப் பேசுய்யா!" நடுவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "மச்சானாவது மண்ணாங்கட்டியாவது! யோவ் மீச, கடைய ஏன்யா பூட்டினே?"

"ஒரு கஸ்டமரம்மா புகார் குடுத்தாங்க நடுவரே. மூணு தடவ கூப்பிட்டாங்களாம். இந்தாளு திரும்பிக்கூடப் பாக்கலையாம். திமிராம்."

"நட்டுகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எதுக்கு? வயசுல பெரியவங்க, பொய்யா சொல்லுவாங்க?"

"அறிவிருக்காய்யா ஒனக்கு? பெரியவங்க சொன்னா விசாரிக்க வேணாமா? நீ சொல்லுப்பா நட்டு."

எழுத்து ஒண்ணொண்ணா வந்துச்சு.

'காத்தடிக்கற மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த சத்தத்துல கூப்பிட்டது காதுல விழல. மிஷின நிறுத்தினதும் நானே போயி பேசினேன். அதச் சொல்ல வாயத் தொறந்தேன். சொல்லவே விடல.'

"கேட்டீங்களாய்யா!" நடுவரு மேசையில ஓங்கித் தட்டினாரு. டம்ளர் தண்ணி தெறிச்சுது. "ஒரு பக்கத்தக் கேட்டுட்டு பூட்டு போடறவன் போலீஸ் இல்லடா, பூட்டு வியாபாரி! பாவம், அவன் பொழப்பே அந்தக் கடை. தொற! ஆள அனுப்பக் கூடாது, பூட்டின கையே தொறக்கணும். மன்னிப்பும் கேக்கணும்."

"சரிங்க நடுவரே. இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, ஊருக்கேவா?"

"ஊருக்கே! எனக்கும் சேத்துதான்யா!"

ஊரு கைதட்டிச்சு. செத்தவன்கூட எந்திரிச்சு விசிலடிச்சான்.

"தீர்ப்புக்குக் கட்டுப்படறேன்," மீசை கடையத் தொறந்துவிட்டான். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுக்கா."

"டேய், வேஷத்தக் கலைக்காத!" நடுவரு சீறினாரு. "நட்டு ஆம்பளடா! அக்காவாம் அக்கா..."

மச்சான் களுக்குன்னு சிரிச்சான்.

அதுக்குள்ள யாரோ பின்னாடியிருந்து ஹெட்போன மெதுவாக் கழட்டினாங்க. நம்மாளு திரும்பினாரு. சம்சாரம். ஒரு கையில போன். அதுல இப்பத்தான் தொறந்த சைக்கிள் கடை. இன்னொரு கையில முக்காலி.

"ஏத்தின கையே எறக்கணும் நடுவரே. ஏறுங்க, நான் புடிச்சுக்கறேன்."