கம்பம் வராத வீடு

"அந்தக் காட்டுக்கெல்லாம் கம்பம் நட முடியாது" என்று கரண்ட் ஆபீஸ் கைவிரித்தும் கணவன் அசரவில்லை. புது வீட்டுக் கூரை முழுக்க சோலார் தகடு பதித்து, ராத்திரிக்குப் பேட்டரியும் வைத்துவிட்டான். அதில் நம்பிக்கையில்லாத மனைவிதான் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குக் கிளம்பச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள்.

இருட்டியதும் பைக்கில் ஒருவர் வந்தார். "ஊரே இருட்டா கெடக்கும்மா. உங்க வீட்டுலதான் வெளிச்சம் தெரிஞ்சுது. போனைச் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"தாராளமா. கரண்ட் ஆபீஸுக்கு யாராவது சொல்லியாச்சா?"

"ஆளாளுக்கு எனக்குப் போன் பண்ணிச் சொல்லித்தாம்மா சார்ஜே தீர்ந்துபோச்சு!"

அவள் விழித்தாள். உள்ளிருந்து வந்த கணவன் சிரித்தான். "அட, வாங்க இன்ஜினீயர் சார்! நமக்குக் கம்பம் கிடையாதுன்னு சொன்னவர் இவர்தான்."

மனைவி பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு வந்தாள்.

"நிதானமா சார்ஜ் போடுங்க சார். எங்க வீட்டுல கரண்ட் போகாது!"