தூசி படக்கூடாது

ஹோலுக்குள் ஒரு காலை வைத்த பஹீமா, மறு காலை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நடுவே நீளமாக ஒன்று, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது.

“இன்னாலில்லாஹ்…” என்று முணுமுணுத்து, முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏறாவூரிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க ஓட்டமாவடிக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு சாவு வீட்டையும் மையித்தையும் காண நேரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பெயின்ட் பிரஷ்ஷும் கையுமாகக் குசினியிலிருந்து வந்த வீட்டுக்காரி றஸீனா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பின்னேரம் அசருக்குப் பிறகு வருவதாகத்தானே சொன்னார்கள்? இன்னும் பகல் லுஹர் பாங்குகூடச் சொல்லவில்லை.

துணிக்குக் கீழே இருந்தது அவளுடைய தேக்கு டிவான். முதுகுச் சாய்வில்லாமல் கட்டில்போல் நீண்டு, தலைமாட்டிலும் கால்களிலும் கொடியும் பூவும் செதுக்கியது. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு குஞ்சு குருமான்கூட ஏறியதில்லை. முதன்முதலில் அதில் உட்காரப்போவது சம்பந்திதான் என்று றஸீனா முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டுக்கு முன்னால் கிறவல் றோட்டு. ஒரு டிப்பர் போனால் கொடியில் காயும் உடுப்பெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். ஆகவே பூவுக்குள் அடைந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, பழைய சாரன் துண்டால் மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே துடைத்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசி, மெத்தை தலையணைகளையும் மேலேயே அடுக்கி மூடிவிடுவாள். “ஒருக்காச் சாய்ஞ்சு பாக்கட்டா புள்ள?” என்று புருஷன் ஆதம்பாவா கேட்ட நாளில், அவள் அவரோடு கதைக்கவே இல்லை.

இன்று காலையும் கிணற்றடியிலிருந்து ஹோல்வரை ஈரக் கால் தடம் கிடந்தது. மகள் றுமைஸாவைத் திட்டித் திட்டித் துடைத்தாள். “நான் இல்ல உம்மா” என்று அவள் அழாக்குறையாகச் சொன்னதை யார் கேட்டது?

பஹீமா ஓடிவந்து றஸீனாவைக் கட்டிக்கொண்டார். “யாரு புள்ள இது? ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பப்படாதா? நாங்க சிரிச்சிக்கிட்டு வந்துட்டமே!”

“இல்ல ராத்தா, இது வந்து…” என்றபடி றஸீனா துணியை இழுக்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டிப்பர் உறுமிக்கொண்டு போனது. கதவு விரியத் திறந்திருந்தது. நீட்டிய கை தானாகப் பின்வாங்கியது.

“இப்பத் தொறக்கேலா ராத்தா. தொறந்தாப் பழுதாகிரும்.”

பஹீமாவின் கண்கள் நிறைந்துவிட்டன. “அந்தளவுக்கா? என்ன, எக்சிடன்டா?”

வாசலில் நின்ற ஓட்டோக்காரன் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்தான். தெருவில் அது அவனையும் முந்திக்கொண்டு ஓடியது. சற்று நேரத்தில் ஹோல் கொள்ளாத சனம். எல்லார் காலிலும் கிறவல். யாரோ கொளுத்திவைத்த சந்தனக்குச்சியின் சாம்பல் துணியின் மேல் உதிர்ந்தபோது றஸீனா வாய்விட்டே அழுதுவிட்டாள். அதைக் கண்டு மற்றவர்களும் அழுதார்கள்.

“ஆதம்பாவா காக்கா எப்பேர்ப்பட்ட மனிசன்!” என்று விம்மினாள் பக்கத்து வீட்டு நபீஸா. “நேத்து ராவு, வட்டையில வயலுக்குத் தண்ணி கட்டப் போறன் எண்டு எங்கட வாசலால சிரிச்சிட்டுத்தானே போனாரு!”

“அவருக்கு ஒண்டுமில்ல! அவரு வட்டையில இரிக்காரு!” றஸீனா கத்தினாள். “இது டிவான்!”

“பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றார் பஹீமா. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற றுமைஸாவை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நீ யோசியாத மகள். வாப்பா இல்லாட்டியும் இந்தக் கலியாணம் நடக்கும். நீ எங்கட வீட்டுப் புள்ள.”

றஸீனாவின் அழுகை பாதியில் நின்றது. எந்தச் சொல்லைக் கேட்க ஒரு மாதமாக வீட்டைத் துடைத்தாளோ, அந்தச் சொல் கிடைத்துவிட்டது. அதற்கு நன்றி சொல்வதென்றால் புருஷன் மௌத்தானதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மனம் கேட்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க ராத்தா. அவருக்கிட்டயே கதைங்க” என்று போனை எடுத்து, ஆதம்பாவாவை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

மணி அடித்தது. அவள் கையில் அடித்தது. வெள்ளைத் துணிக்குள்ளும் அடித்தது.

துணி அசைந்தது, தலைமாட்டுப் பக்கம் மெல்ல உயர்ந்து, எழுந்து உட்கார்ந்தது. அடுத்த கணம் சனம் வாசலாலும் யன்னலாலும் விழுந்தடித்து ஓடியது. பஹீமா மட்டும், றுமைஸாவை விடாமல் பிடித்தபடி, கால் வராமல் நின்றுவிட்டார்.

துணி சரிந்தது. விடியும்வரை விழித்த சிவந்த கண்களோடு ஆதம்பாவா மலங்க மலங்கப் பார்த்தார். ஓடுகிற சனமோ நிற்கிற சம்பந்தியோ அவர் கண்ணில் படவில்லை. கையில் பிரஷ்ஷோடு நின்ற பொஞ்சாதி ஒருத்திதான் பட்டாள்.

“தூசி தட்டிட்டுத்தான் புள்ள படுத்தன்!”