உறைபனி கேட்கும் கிழங்கு

மூன்றாவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

மண் ஈரமாக இருந்தது. கடப்பாரை சிரமமில்லாமல் இறங்கியது. நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும் என்று நிறுத்தாமல் தோண்டினான்.

வல்லி பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் கூரியரில் வந்த பெட்டி. இமாசலத்து மலையில் ஏதோ ஒரு நர்சரியிலிருந்து. உள்ளே மரத்தூள். மரத்தூளுக்குள் ஈரக் காகிதம் சுற்றிய ஆறு கிழங்குகள்.

பார்க்க ஒன்றுமேயில்லை. வெயிலில் மறந்துவிட்ட மரவள்ளித் துண்டு மாதிரி. நுனியில் மட்டும் சிவப்பாகச் சில முளைகள்.

"இதுக்குப் பேரு கண்ணு," என்றாள். "ரெண்டு விரல் ஆழம்தான் வைக்கணுமாம். அதுக்குக் கீழ போனா இலை மட்டும் வரும். பூக்காது."

பியோனி. குளிர்நாட்டுப் பூச்செடி. பெயரை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டான்.

அவனுக்கு வங்கி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு தருமபுரி, குண்டூர், நாகர்கோவில், ஷிமோகா. எல்லா ஊரிலும் அவள் தோட்டம் போட்டாள். கீரை, வெண்டை, சாமந்தி. சில மாதங்களில் கொடுத்துவிட்டுப் போகிறவை.

ஒரு பருவத்தைத் தாண்டி நிற்கும் எதையும் அவள் வைத்ததில்லை. குண்டூரில் யாரோ ஆசையாகத் தந்த முல்லைப் பதியனைக்கூட, நடாமலே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஊட்டிக்கு வந்த பிறகுதான் மாறினாள்.

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாடகை வீடுதான், ஆனாலும் சுவரில் ஆணி அடித்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் போனை அவனிடம் நீட்டினாள். திரையில் ரோஜா நிறத்தில், கை கொள்ளாத ஒரு பூ. இப்போது சொல்லிவைத்தால், கிழங்கு உறங்கும் காலத்தில் தோண்டி அனுப்புவார்களாம்.

"பூக்க மூணு வருஷம் ஆகுமாம். ஒரு தடவ வச்சா இடம் மாத்தக் கூடாதாம். அப்படியே விட்டா நம்ம காலத்துக்கு அப்புறமும் பூக்குமாம். வாங்கட்டுமா?"

பதவி உயர்வுக்குச் சம்மதம் என்று அவன் எழுதிக் கொடுத்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. எந்த ஊருக்கும் போகத் தயார் என்றும் எழுதியிருந்தான்.

"வாங்கேன்," என்றான்.

அன்று சாயங்காலம் அவள் வெளியே போய், வெயில் எந்தப் பக்கம் கடைசியாக விழுகிறது என்று நின்று பார்த்தாள். அவன் ஜன்னலுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு முறை அவனைத் தாண்டி இளையவர்கள் மேலே போயிருந்தார்கள். இந்த முறையும் கிடைக்காது என்றுதான் நம்பினான். கிடைக்காத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும். அப்படித் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

போன வாரம் மாற்றல் ஆணை வந்துவிட்டது.

காலைக் காபியின்போது சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். தினமும் அதே நேரத்தில் அவள் போனைப் பார்த்து, பெட்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னாள். சண்டிகர் தாண்டிருச்சு. பெங்களூர் வந்துருச்சு.

இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது.

கடப்பாரையை நிறுத்தினான்.

"வல்லி."

அவள் நிமிரவில்லை. ஒரு கிழங்கில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழி போதும்," என்றாள். "பின்னாடி காலித் தொட்டி கெடக்குல்ல. எடுத்துட்டு வாங்க."

"தொட்டி எதுக்கு? மண்ணுலதான் வைக்கணும்னியே."

"லாரில ஏத்தணும்ல."

அவன் அப்படியே நின்றான்.

"உங்க கேஷியர் வீட்டம்மாவ மார்க்கெட்ல பாத்தேன். ப்ரமோஷனாமே, சந்தோஷம்னாங்க. நானும் சந்தோஷம்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனிடம் பதில் இருந்தது. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில்கள்.

"எந்த ஊருன்னு அவங்களுக்குத் தெரியல," என்றாள்.

"நாக்பூர்."

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். கையிலிருந்த கிழங்கைத் திருப்பினாள்.

"அங்க உறைபனி விழுமா? குளிர் வேணும் இதுக்கு. இல்லன்னா கண்ணு முழிக்காது."

விழும் என்று சொல்லிவிடலாம். அவள் நம்பக்கூடச் செய்வாள். தொட்டிகளை லாரியில் ஏற்றுவாள். அங்கே போய்க் காத்திருப்பாள்.

"இல்ல," என்றான். "வெயில்தான்."

கீழே சாலையில் ஒரு பேருந்து முனகிக்கொண்டு மேடு ஏறிப் போனது.

பிறகு முழங்காலால் நகர்ந்து முதல் குழிக்கு வந்தாள். பாதி மண்ணை உள்ளே தள்ளினாள். அதன்மேல் கிழங்கை வைத்தாள், கண் வானத்தைப் பார்க்க. இரண்டு விரலை வைத்து ஆழம் பார்த்தாள். மூடினாள்.

அவன் அவள் பக்கத்தில் குந்தினான். மண்ணைத் தள்ளிவிடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டான்.

"நாம போயிட்டா இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

அவள் மண்ணை உள்ளங்கையால் அழுத்திவிட்டு, பெட்டியிலிருந்து அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"இன்னும் மூணு குழி வேணும்," என்றாள்.