வீட்டு ஓனர் கையெழுத்து

ஹோல்கரின் ஓய்வுக்கால விசா அன்றோடு முடிகிறது. தாய்லாந்தின் சியாங் மாய் குடிநுழைவு அலுவலகத்தில் பேங்க் கடிதம், போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. இருப்பிடச் சான்றில் வீட்டு ஓனர் ரம்பாயின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"கூரை ஒழுகுதுன்னு சொன்னேனே?" என்றாள்.

"நேத்தே ஏறி அடைச்சுட்டேங்க."

"வாசல் பூரா மாவிலை?"

"விடியறதுக்குள்ள கூட்டிட்டேன். உங்க பூனைக்கு மீன்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

"பீரு?"

"கண்ணால பார்த்தே மூணு மாசமாச்சுங்க!"

கவுன்ட்டரிலிருந்த அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. "போட்டுக் கொடுங்கக்கா. எழுபது வயசு மனுஷன், இல்லேன்னா ஜெர்மனிக்கு மூட்டை கட்டணும்."

"கட்டட்டுமே. ரூம் காலியாகும்."

பாஸ்போர்ட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிய அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் மனைவி விசாவுல இருந்திருக்காரே? மனைவி பேரு... ரம்பாய்!"

"நானேதான். பன்னெண்டு வருஷம் கூட வாழ்ந்தேன், இவர் ஒரு டம்ளர் கழுவினதில்லை. விவாகரத்து பண்ணிட்டு, பின்கட்டு ரூமை இவருக்கே வாடகைக்கு விட்டேன்."

ஹோல்கர் ஆசையாகக் குனிந்தார். "இப்பதான் திருந்திட்டேனே ரம்பாய், மறுபடி கல்யாணம் பண்ணிக்கலாமா? மனைவி விசான்னா பேங்க்ல பாதிப் பணம் காட்டினா போதும்."

ரம்பாய் பளிச்சென்று கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை அதிகாரியிடம் தள்ளினாள்.

"புருஷன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்க. இப்படியொரு வாடகைக்காரரை நான் எங்கே போய்த் தேடுவேன்?"